அனுமதிக்குக் காத்திருப்பவை

— அன்னிக்குக் காலைல உங்கக்கா போன் பண்ணி உங்கிட்ட என்னதான் கேட்டா, தம்பி? ஒரு மாசமா கேக்கறேன், நீ பேச்ச மாத்திக்கிட்டே இருக்க.

— சின்ன வேலைதான், அத்தான். அக்காவோட ப்ளாக்ல ஒவ்வொரு பதிவுக்கு அடியிலயும் 'இதுவரை கருத்து எதுவும் இல்லை'ன்னு ஒரு வரி வரும். பாக்க ஒரு மாதிரி இருக்கு, அத எடுத்துடுன்னா.

— எடுத்தியா?

— ரெண்டு நிமிஷம்கூட ஆகல. ப்ளாக்கோட டிசைன் ஃபைலத் திறந்து, அந்த வரியக் காட்டாதேன்னு எழுதிச் சேத்தேன். ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருன்னேன். 'இப்பத்தாண்டா பக்கம் சுத்தமா இருக்கு'ன்னா. பதினோரு மணிக்கு நீங்க கூப்பிட்டீங்க.

— நாற்காலில சாஞ்சபடியே இருந்தா. உயிர் போனது தெரியாம, தூங்கறான்னு நெனச்சு ஃபேனக் கூட்டி வெச்சுட்டு வந்தேன். சரி விடு. இதச் சொல்லவா ஒரு மாசம்?

— அது வந்து... கருத்து வராம இல்ல, அத்தான். வந்திருக்கு. நூத்தி நாப்பத்தி மூணு.

— எங்க வந்திருக்கு?

— உள்ளயே கிடக்கு. விளம்பரக் குப்பையா வருதுன்னு அக்கா ஒரு தடவ சொன்னா. ஒருத்தர் பாத்து அனுமதிச்சாதான் வெளிய தெரியும்னு மாத்தி வெச்சேன். அந்த ஒருத்தர் நான். மெயில் என் பேருக்கு வரும். தொல்லையா இருக்குன்னு தனி ஃபோல்டருக்குத் தள்ளிட்டு மறந்துட்டேன். நாலு வருஷம்.

— அவளும் உள்ள போய்த்தான எழுதுவா? அவ கண்ணுல படலயா?

— படாம பண்ணினதும் நான்தான். வெப்சைட் செஞ்சு குடுத்தா, கிளையண்ட் எதையாவது தொட்டுக் கெடுத்துடுவாங்கன்னு பாதி மெனுவ மறைச்சுடுவோம். அக்காவுக்கு 'புதிய பதிவு' மட்டும் விட்டு வெச்சேன்.

— கூடப் பொறந்தவளும் கிளையண்ட் ஆயிட்டாளா.

— திட்டிடுங்க, அத்தான்.

— திட்டி என்ன. யாராவது படிக்கறாங்களான்னு உன்ன எத்தன தடவ கேட்டிருப்பா?

— கேட்டா. படிக்கறவங்க எல்லாரும் எழுத மாட்டாங்க, அக்கான்னு பெரிய மனுஷனாட்டம் சொன்னேன். அது ஏன் எப்பவுமே பூஜ்யமா இருக்குன்னு ஒரு தடவ திறந்து பாத்திருக்கலாம். கடைசி நாள் அந்த வரிய மறைக்கறப்பகூடப் பாக்கல. மறைக்க மட்டுந்தான் கத்து வெச்சிருக்கேன்.

— யாரெல்லாம் எழுதியிருக்காங்க?

— ஒரு நர்ஸ். அக்காவோட ஆஸ்பத்திரிப் பதிவ வார்டுல சத்தமா வாசிச்சுக் காட்டினாங்களாம். ஒரு டிரைவர், எழுத்துப் பிழை மட்டும் திருத்துவாரு, வேற ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அறுபது கருத்துக்கு மேல ஒரே ஆளு எழுதினது. 'ஒரு வாசகன்'னு பேரு. ஒரு பதிவு விடல.

— என்னன்னு எழுதியிருக்கான்?

— 'துணி மடிக்கறதப் பத்தி நீங்க எழுதினத மூணு தடவ படிச்சேன்'னு ஒண்ணு. போகப் போக, ஒரு வரி பதில் போட்டாப் போதும்னு. பாவம், அக்காவுக்குத் திமிருன்னு நெனச்சிருப்பாரு. எல்லாத்தையும் இப்ப வெளிய விட்டுடறேன். உங்களக் கேக்காம செய்ய மனசு வரல.

— மத்தவங்களோடத விடு. அந்த ஆளோடத அழிச்சுடு.

— ஏன், அத்தான்? ஒண்ணு விடாமப் படிச்சவரு அவர்தான்.

— படிச்சேன். 'என்ன, இன்னிக்கும் ஊருக்குக் கடுதாசி போட்டாச்சா'ன்னு அவளக் கிண்டல் பண்ணிட்டுப் போய்தான் எழுதுவேன். நல்லா இருக்குன்னு நேர்ல சொல்ல வாய் வரல. பதில் வராததும், நான்தான்னு தெரிஞ்சுக்கிட்டே அவ பேசாம இருக்கான்னு எனக்குக் கோவம் வேற.

— அத்தான்... எங்க உக்காந்து எழுதுவீங்க?

— அடுத்த ரூம்ல. நடுவுல கதவுகூடக் கிடையாது.