எவர்சில்வர் டப்பாவில் மூட்டு மாத்திரை

நான் யாருக்கும் ஓரவஞ்சனை செய்தவள் இல்லை, டாக்டரம்மா. ஆலைக் கேன்டீனில் இருபது வருஷம் கரண்டி பிடித்தவள். மேனேஜருக்கும் சரி, வாட்ச்மேனுக்கும் சரி, ஒரே அளவுதான் விழும். அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

உங்கள் மூட்டுவலி மருந்துச் சோதனையில் நானும் என் நாத்தனாரும் சேர்ந்தேதான் பெயர் கொடுத்தோம். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு, யாருக்கு எது என்று உங்களுக்கே தெரியாது என்றீர்கள். எனக்கு ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டது. என் முழங்கால் வலித்தபடியேதான் இருந்தது. கீழ்வீட்டு நாத்தனாரோ, வருஷக்கணக்காகப் படியில் கால் வைக்காதவர், திடுதிப்பென்று மூன்றாம் மாடியில் என் சமையலறை வாசலில் நிற்கிறார். மூச்சுகூட வாங்கவில்லை.

"என்னம்மா, இன்னும் பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்கு?"

மறுநாளும் வந்தார். அலமாரியைத் திறந்து பார்த்தார். "என் தம்பி ஏன் இப்படி இளைச்சிட்டான்?" என்றார். என் கணவர் தொண்ணூறு கிலோ. நாத்தனாருக்குக் குணமானதில் எனக்கு மெத்தச் சந்தோஷம். பல்லைக் கடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன்.

அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. மாவு தின்கிற மற்றவர்களை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த முறை மாத்திரை வாங்கியதும் சோதனைக்கு வந்த எல்லோரையும் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்காரவைத்து, பெரிய எவர்சில்வர் டப்பாவைத் திறந்தேன்.

"எல்லாரும் இதுல கொட்டுங்க. கலந்து பிரிச்சுக்கிட்டா ஆளுக்குக் கொஞ்சமாவது நிஜ மருந்து கிடைக்கும்."

"அட, அதானே!" என்று தபால்காரர் முதலில் கொட்டினார். நாத்தனார் மட்டும், "டாக்டரம்மா கூடாதுன்னாங்களே" என்று இழுத்தார்.

"உங்களுக்கு மட்டும் நல்லாயிட்டா போதுமாக்கா?" என்றேன். பாவம், கண் கலங்கிக் கொட்டிவிட்டார். அதன்பின் மாதாமாதம் டப்பா திறந்தது. முதல் மாதமே அவர் இரண்டாம் மாடியோடு நின்றுவிட்டார். பிறகு முதல் மாடி. பிறகு வரவேயில்லை.

கடைசியில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை, மருந்து வீண் என்று சோதனையை மூடிவிட்டீர்கள். நல்ல மருந்துதான், டாக்டரம்மா. அது இனி யாருடைய முழங்காலுக்கும் கிடைக்காது என்று நர்ஸ் அழுதபோது எனக்கும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் வந்து சொல்கிறேன். டப்பா என்னுடையது, கலந்த கையும் என்னுடையது.

நாத்தனார் இப்போது கீழ்வீட்டு நாற்காலியிலேயே கிடக்கிறார். கட்டடத்துக்கு லிஃப்ட் போட வீட்டுக்கு வீடு கையெழுத்துக் கேட்கிறார்கள். நான் மட்டும்தான் போடவில்லை. மாடிவீட்டுக்காரர்களுக்கு மட்டும் சலுகை என்றால் அது ஓரவஞ்சனை இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.