தப்பை ஒத்துக்கொள்ளும் டாக்டர்

என் ஆஸ்பத்திரியின் முன்கதவுக் கண்ணாடி உடைந்து விழுந்த சத்தம் கேட்டபோது நான் மாடியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சட்னி அன்று நன்றாக இருந்தது. பின்னால் போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் செந்தமிழ்ச்செல்வியிடம் சொன்னபோதும் இங்கிருந்துதான் ஆரம்பித்தேன்.

கீழே தியாகதுருகத்து ஆண்டாள் கையில் கல்லோடு நின்றாள். அவள் புருஷன் கண்ணாயிரத்துக்குக் குடல்வால் ஆபரேஷன் செய்தவன் நான். ரத்தம் ஒற்றும் துணி ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. அது நிஜமாகவே கைத்தவறு. வேறு டாக்டராக இருந்தால் பின்வாசலைத் தேடியிருப்பார். எனக்குப் பொய் வராது.

"தப்பு என்னோடதுதாம்மா. துணிய உள்ள வெச்சுத் தெச்சுட்டேன். இன்னிக்கே எடுத்துடறேன்" என்று கைகூப்பினேன். கண் கலங்கிவிட்டது.

ஆண்டாள் கல்லைக் கீழே போட்டாள். "இன்னா டாக்டரு நீ. மண்டைய ஒடைக்கலாம்னு வந்தா அழ வெக்கிறியே" என்றாள்.

அப்புறம் டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். உளுந்தூர்பேட்டையில் 'நேர்மைச் செம்மல்' என்று பொன்னாடை போர்த்தினார்கள்.

சங்கடம் என்னவென்றால், அதற்குப் பிறகு எனக்குத் தப்பே வரவில்லை. ஒழுங்காக முடிந்த ஆபரேஷனுக்கு யாரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுவதில்லை. தையல் பிரித்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுகிறார்கள். டீக்கடையில் மறுபடி நின்றுகொண்டே குடித்தேன். ஒரு மனிதனின் நேர்மை சும்மா கிடந்து வீணாகலாமா?

அப்போதுதான் கல்வராயன் மலையிலிருந்து வெள்ளச்சி வந்தாள். பித்தப்பையில் கல்.

"தப்பு பண்ணாலும் மறைக்காம சொல்லிடுவியாமே சாமி. அதுக்குத்தான் ஒன்னத் தேடிக்கினு வந்தேன்" என்றாள்.

அவளை ஏமாற்ற மனம் வரவில்லை. ஒரு துணியை நானே உள்ளே வைத்துத் தைத்தேன். சின்னத் துணிதான். சுத்தமானது.

துணிகளை எண்ணிய நர்ஸ் நர்மதா, "ஒண்ணு கம்மியா இருக்குது சார்" என்றாள். கீழே தேடிப் பார்க்கச் சொன்னேன்.

வெள்ளச்சியிடம் உடனே சொல்லியிருப்பேன். ஆனால் மலையிலிருந்து சொந்தக்காரர்கள் இறங்கிவர வேண்டாமா? புருஷன் ஒருவனிடம் மட்டும் சொன்னால் மற்றவர்களுக்கு என்ன மரியாதை? சந்தை நாள் வரட்டும் என்று பொறுத்தேன். அதற்குள் காய்ச்சல் ஏறி அவளுக்கு நினைவு தப்பியது. நர்மதாவுக்குப் பொறுமை போதாது. ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். வெள்ளச்சி பிழைத்துக்கொண்டாள், சந்தோஷம். ஆனால் டாக்டர் சொல்ல வேண்டியதை நர்ஸ் முந்திக்கொண்டு சொன்னது முறையில்லை. அது ஒன்றுதான் என் வருத்தம்.

எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லி முடித்தேன். இன்ஸ்பெக்டர் எழுதி முடித்துப் பேனாவை மூடினார். பிறகு, "வேற எதாச்சும் சொல்லணுமா டாக்டர்?" என்று கேட்டார்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். மலையிலிருந்து இரண்டு வேன்கள் வந்திருந்தன. ஸ்டேஷன் வாசலில் நல்ல கூட்டம்.

"இதையே வெளிய நிக்கிறவங்க கிட்டயும் ஒருதரம் முதல்லேருந்து சொல்லட்டுங்களா மேடம்?"