ஏழேழு பவானி

ஆமாங்க, பள்ளிக்கூடம் ஒரே ரூமுதானுங்க. நாலு மூலைக்கு நாலு கிளாஸு. நடுவால ஒரு வாத்தியாரு, செக்கு மாடாட்டச் சுத்திக்கிட்டு. வண்டியைக் கெட்டியாப் புடிச்சுக்குங்க இன்ஸ்பெக்டரய்யா, முன்னால பள்ளம். பெருந்துறையிலிருந்து இதுவரைக்கும் ரோடுங்க. இனிமே நம்மூரு ரோடு.

எப்புடிச் சொல்லிக் குடுப்பாரா? ரெண்டாங் கிளாஸுப் பக்கம் திரும்பி, ஏழாறு நாப்பத்திரெண்டும்பாரு. சட்டுன்னு நாலாங் கிளாஸுப் பக்கம் திரும்பி, காவேரியில சேர்ற ஆறு எதுடாம்பாரு. பவானின்னு கத்துவாங்க. மறுக்காத் திரும்பி, ஏழேழு... அதுக்குள்ள மூணாங் கிளாஸுல ஒருத்தன் ஒருத்தனைக் கடிச்சுப்போட்டிருப்பான்.

போன வருசம் வந்த இன்ஸ்பெக்டரு, ரெண்டாங் கிளாஸு சுப்பையனைக் கேட்டாருங்க. தொண்டையைக் கனைச்சு, இப்புடி, ஹ்ம்ம், ஏழேழு எத்தனை? பையன் கும்புட்டுப்போட்டு, பவானிங்கன்னான். மரியாதையைப் பாருங்க. அவரு பள்ளிக்கூடத்தையே மூடிப்போடலாம்னு எழுதி வெச்சுட்டுப் போய்ட்டாரு. மூடறதா, இன்னொரு வாத்தியாரைப் போடறதான்னு பாக்கத்தானுங்களே இப்ப நீங்க வாரீங்க?

மூடுங்க, நல்லதுதான். அடுத்த பள்ளிக்கூடம் அஞ்சு மைலுதானுங்க. ஆறு வயசுப் புள்ளைக்கு நடந்து பழகுனாப்ல இருக்கும்.

நாச்சியம்மான்னு ஒண்ணாங் கிளாஸுல ஒரு அம்மணி. நாலாங் கிளாஸுப் பாடம் அத்தனையும் காதுலயே வாங்கி ஒப்பிக்கும். தம்பேரை எழுதச் சொல்லுங்க, சிலேட்டைப் பாத்து முழிக்கும். கையைப் புடிச்சு எழுத வெக்க வாத்தியாருக்கு மூணாவது கை வேணுமுங்க, ஜில்லா போர்டுல இன்னும் குடுக்கலை. இந்த வருசமும் பாஸாகலீன்னா பருத்தி எடுக்க வந்துரட்டும்னுட்டாரு அதோட அப்பன்.

வாத்தியாரு சோம்பேறியா? அதை அவருகிட்டவே கேக்கோணுமா? கேளுங்க, நறுக்குன்னு கேளுங்க.

வாத்தியாரு வெளிய போனா பசங்களை ஆரு பாத்துக்கறதா? தம்பிதுரைங்க, நாலாங் கிளாஸு. அவன் ஒண்ணாங் கிளாஸுக்கு எழுத்துச் சொல்லிக் குடுப்பான். அவன் பாடம் என்னாகறதா? அதை நாச்சியம்மா அவனுக்குச் சொல்லிக் குடுக்குமுங்க.

வந்தாச்சு, பாத்து எறங்குங்க. வாத்தியாரைக் காணமா? அவரு எங்கயும் போகலீங்க. பருத்திக் காலமல்லோ, உங்களைக் கூட்டியார வண்டியோட்ட ஒரு ஆளும் சிக்கலை. கோட்டு உள்ளார ஆணியில தொங்குது. மாட்டைக் கட்டிப்போட்டு, அதைப் போட்டுக்கிட்டு வந்தர்றனுங்க. என்னமோ கேக்கோணும்னீங்களே, அப்பறமாக் கேளுங்க.