தலைவரின் தாடி

பலாப்பழம் அரிகிறவர்கள் கையில் எண்ணெய் தடவிக்கொள்வது நல்ல வழக்கம். மறந்தாலும் கவலை இல்லை. எவ்வளவு ஒட்டினாலும் ஒரு கரண்டி எண்ணெயில் கழன்றுவிடும். நான் சொல்லப்போவதில் இதற்குமேல் விஞ்ஞானம் இல்லை.

போர் முடிந்து, சைகோனுக்குப் புதுப் பெயர் வைத்து ஆறேழு வருஷம் இருக்கும். சுதந்திர தினத்துக்கு எங்கள் வட்டாரக் கமிட்டி, நாட்டை நிறுவிய, ஜனங்கள் 'பெரியப்பா' என்று கூப்பிடும் தாடித் தலைவரைப் பற்றி ஒரு நாடகம் போட்டது. தலைவர் வேஷம் லெயோனுக்கு. அப்பா காரைக்கால், அம்மா இந்த ஊர். ஒட்டிய கன்னமும் ஏறிய நெற்றியும் அம்மா கொடுத்தவை. ஒப்பனை என் பொறுப்பு. நான் கை வைத்தால் பென்-தான் சந்தை மீன்காரிகூட மகாராணி ஆகிவிடுவாள் என்பார்கள். என்றது நான்தான்.

நாடகத்துக்கு மறுநாள் லெயோனுக்குப் பாரீஸ் விமானம். அங்கே அவன் மகள் ஜூலியேத்துக்குக் கல்யாணம். வருஷக்கணக்காக அலைந்து வாங்கிய அனுமதி, அந்த ஒரு விமானத்துக்கு மட்டும். மற்றத் தமிழர்கள் எல்லாம் ஏற்கெனவே கிளம்பிவிட்டார்கள்; அவனும் போய்விட்டால், முருகன் கோயில் வாசலில் என்னோடு தமிழில் சண்டை போட ஒரு ஆள் கிடையாது. இதை யாராவது யோசித்தார்களா? நான் யோசித்தேன்.

பலாப்பாலைக் காய்ச்சித் தாடியை ஒட்டினேன்.

"என்னண்ணே, இந்த இழுப்பு இழுக்குது?"

"ரஷ்யப் பசைடா. எண்ணெய் மட்டும் பட்டுடக் கூடாது, தோலோட வந்துடும்."

நாடகம் பிரமாதம். ஜனங்கள் அழுத அழுகையில் சைகோன் ஆறு ஒரு முழம் ஏறியது. திரை விழுந்ததும் லெயோன் தாடியை இழுத்தான். முகம்தான் கூடவே வந்தது. வெந்நீர், சோப்பு, அரிசிச் சாராயம் எதற்கும் அசையவில்லை. தெருவில் இருந்த நாவிதர்கள் அத்தனை பேரும் அவனைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். அந்தத் தாடியில் கத்தி வைக்க யாருக்குக் கை வரும்? கடைசியில் அவனே கத்தரியை எடுத்தான்.

"தாடி கமிட்டி சொத்துடா. ஒரு மயிர் குறைஞ்சாலும் பெர்மிட்டைப் பிடுங்கிடுவான்" என்று நினைவூட்டினேன்.

விமான நிலையத்துக்குத் துணைக்குப் போனேன். அதிகாரி போட்டோவில் இருந்த மழுமழு முகத்தைப் பார்த்தார். எதிரே தாடியைப் பார்த்தார். தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

"பெரியப்பா, இந்த முகம் நாட்டை விட்டுப் போக நான் முத்திரை குத்தினா எனக்கு வேலை இருக்குமா? எடுத்துட்டு வாங்க."

"அண்ணே, தோல் போனாப் போகுது, பிச்சு எடுங்க" என்று லெயோன் என் கையைப் பிடித்தான்.

"ரத்தத்தோட போனா மட்டும் விடுவானா? பொறு."

என் சட்டைப் பையில் சின்னச் சீசாவில் நல்லெண்ணெய் இருந்தது. கோயில் விளக்குக்கு வாங்கியது. சாமி சொத்தை எடுத்து மனுஷன் மூஞ்சியில் தடவலாமா? விமானம் மேகத்துக்குள் மறைந்த பிறகு, முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சீசாவைத் திறந்தேன். தாடி பூப்போலக் கையோடு வந்தது. லெயோன் சீசாவைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

இன்னொரு அனுமதி அவனுக்குக் கிடைக்கவே இல்லை. அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தினமும் கோயில் படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்காருகிறான். நான் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். பாவம், அவனுக்கும் தமிழில் பேச ஒரு ஆள் வேண்டுமே.