மூடி போட்டு அளந்தவர்

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் தமிழ்ச் சங்கத் தலைவர் ராமசுப்ரமணியன் அவர்களே, முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் சேனாபதியின் துணைவியார் நாகலக்ஷ்மி அம்மையாரே, மகள் அதிதியே, இந்தப் பனியிலும் வெஸ்ட் வின்ட்சர் வந்து சேர்ந்த நண்பர்களே, வணக்கம். நான் சேக் தாவூத். ஆய்வகத்தில் டாக்டர் சேனாபதிக்குப் பக்கத்து அறைக்காரன்.

சேனாபதி என்ன வேலை பார்த்தார்? அவரைக் கேட்டால் "சூடு அளக்கறேன்" என்பார், அதோடு சரி. இன்று நான் சொல்கிறேன். அறுபதுகளில் மிக உயரத்தில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தார்கள். அப்போது வானம் வீசிய, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை விமானத்திலிருந்து அளந்தார்கள். ரகசியம் நீங்கிய அந்தப் பதிவுகளிலிருந்து கதிரின் அளவைக் கணக்கிட்டுச் சொன்னவர் நம் சேனாபதி. அப்படி ஒரு வெடிப்பு மறுபடி நேர்ந்தால் செயற்கைக்கோளின் கண் குருடாகுமா என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

இதில் ஒரு சங்கடம். கருவிக்கும் சூடு உண்டு. அதுவும் கதிர் வீசும். ஆகவே முதலில் கருவியின் வாயை மூடி, அதன் சொந்தச் சூட்டை அளந்து கழிக்க வேண்டும். புதிதாக யார் சேர்ந்தாலும் சேனாபதி சொல்வது ஒன்றே: "ஃபர்ஸ்ட் மூடியைப் போடுப்பா."

2006இல் அவரே ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த விமானக் கருவிக்கு மூடி போட்டு அளந்தது, விமானம் தரையில் கொளுத்தும் வெயிலில் நின்றபோது. மேலே போனதும் கருவி குளிர்ந்துவிட்டது. கழித்தது அதிகம். அவர் வெளியிட்டு எல்லாரும் நம்பிய எண், உண்மையைவிடக் குறைவு. அந்த எண்ணை நம்பிக் கட்டவிருந்த செயற்கைக்கோள் திட்டத்தின் இறுதிக் கூட்டம் நெருங்கிவிட்டது. சொன்னால் திட்டமே நிற்கலாம். வேலை விசாவில் இருந்த எங்கள் குழுப் பிள்ளைகள் ஊர் திரும்ப நேரலாம்.

"சார், இப்ப ரிப்போர்ட் சப்மிட் பண்ணிடலாம், அப்புறம் கரெக்ட் பண்ணிக்கலாமே" என்றார் அந்தப் பிள்ளைகளில் ஒருவரான ஷ்ரேயஸ்.

"சாட்டிலைட் மேல போனப்புறம் யாருப்பா போய் கரெக்ட் பண்றது?"

கூட்டத்தில் எழுந்து, "என் எண் தவறு" என்றார். யாரும் கண்டுபிடிக்காத தவறை, தானே சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? திட்டம் நின்றது. சில மாதங்கள் கழித்து அழைப்பு வந்தது: எல்லாப் பதிவுகளையும் புதிதாகக் கணக்கிட வேண்டும், அதைச் சேனாபதியின் குழுவே செய்ய வேண்டும். ஷ்ரேயஸ் ஊர் திரும்பவில்லை. இதோ, பின்வரிசையில் இருக்கிறார்.

அந்தக் கணக்கில் பாதி இன்னும் மிச்சம். அதை நாங்கள் முடிப்போம். நாளை காலையும் முதலில் மூடியைத்தான் போடுவோம்.

சேனாபதி இங்கே இருந்திருந்தால் என் பேச்சையும் நடுவில் நிறுத்தியிருப்பார். "தாவூத், இதுல உன் பிரியம் எவ்வளவு? அதைக் கழிச்சிட்டுச் சொல்லு" என்றிருப்பார்.

கழித்துப் பார்த்துவிட்டேன், சேனாபதி. அதற்குப் பிறகும் நிறைய மிச்சம் இருக்கிறது.