போகும் வழியையும் காட்டிய எங்கள் கைகாட்டியாருக்கு

பறக்கும் வண்டியையும் நிற்க வைத்த பண்பாளரே, நின்றவரை உட்கார வைத்த நேர்த்தியாளரே, உட்கார்ந்தவர் கொட்டாவி விடும்வரை ஊர்ப்பெருமை பேசிய உபசரிப்பாளரே, பணி ஓய்வு பெறும் நகராட்சிப் பயணியர் பிரிவின் மேலாளரே! முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயரை இன்று முகத்துக்கு நேராகவே சொல்கிறோம்: எங்கள் அன்புக் கைகாட்டியாரே, வணக்கம்.

புறவழிச்சாலை திறந்த அன்று நம் கடைத்தெருவில் ஹாரன் சத்தம் ஓய்ந்தது. முதல் வாரம் நிம்மதி என்றார்கள். அடுத்த மாதம் விடுதிக்காரம்மா தலையணைகளை வெயிலில் காயப்போட்டுக் காவல் இருந்தார்; வேறு வேலை இல்லை. ஓராண்டுக்குள் விடுதி அறைகள் நிரம்பாவிட்டால் நம் பிரிவைச் சாக்கடைப் பிரிவோடு சேர்த்துவிடுவதாக ஆணையர் அறிவித்தார். சாக்கடைக் கண்காணிப்பாளர் அப்போதே டேப்போடு வந்து நம் அலுவலக அறையை அளந்து, ரப்பர் பூட்ஸ் வைக்கத் தங்கள் நாற்காலி இருக்கும் மூலைதான் தோது என்றார்.

தாங்கள் கலங்கவில்லை. சாலையில் அலங்கார வளைவு கட்டலாம் என்ற யோசனையை ஒதுக்கி, "வண்டியில வர்றவங்களுக்கு முதல்ல வேண்டியது பாத்ரூம்" என்று மன்றக் கூட்டத்திலேயே முழங்கிய துணிவாளர் தாங்கள். பளிச்சென்ற கழிப்பறையைச் சாலையோரம் கட்டாமல் கடைத்தெரு நடுவில் கட்டியதும், அங்கே நடக்கும் வழியெல்லாம் நிழலும் பெஞ்சும் அமைத்ததும், திருப்பத்துக்குத் திருப்பம் பலகை நட்டதும் தங்கள் மதிநுட்பமே. வண்டிகள் வந்தன, அறைகள் நிரம்பின. தங்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறைதான்.

ஒரு காலை, விடுதியில் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம் இந்த ஊரில் என்ன பிடித்தது என்று ஆசையாகக் கேட்டீர்கள்.

"பிடிக்கிறதாவது. வெளிய போற வழியக் காட்டுங்க தம்பி, புண்ணியமாப் போகும்" என்றார் அவர்.

அப்போதுதான் விளங்கியது. உள்ளே வர அத்தனை பலகை வைத்த நாம், வெளியே போக ஒன்றுகூட வைக்கவில்லை. ஒருவழித் தெருக்களில் சுற்றிச் சுற்றி வந்ததில் தையல்காரர் பெரியவருக்குச் சிநேகிதராகிவிட்டார். பெரியவரின் மனைவியோ, எப்படியும் மறுபடி இந்த வழியாகத்தானே வரப்போகிறோம் என்று துணியைத் தைக்கவே கொடுத்துவிட்டார்.

கெடு முடிய ஒரு மாதம் இருந்தது. கண்டும் காணாமல் இருக்கும்படி தங்களைக் கெஞ்சினோம். இன்று அதை மறைப்பதற்கில்லை. தாங்கள் சொன்னது ஒன்றே: "வழி தெரியாம தங்கினவன் விருந்தாளி இல்லப்பா, மாட்டிக்கிட்டவன்." ஏணியைத் தாங்களே பிடித்து, 'நெடுஞ்சாலை, பத்து நிமிடம்' என்ற பலகையை விடுதிக்கு எதிரே மாட்டச் செய்தீர்கள். அந்த வாரமே விடுதி காலி. நாங்கள் தங்களை என்னென்ன சொல்லித் திட்டினோம் என்பது எங்கள் வீட்டாருக்குத் தெரியும்.

பிரிவை மூடும் முடிவோடு ஆணையர் விடுதியைப் பார்க்க வந்த நாளில், பக்கத்துக் கடையில் தைத்த துணியை வாங்க அதே தம்பதி வந்தார்கள். பெரியவர் எஞ்சினை அணைக்கவே இல்லை. அம்மையார் பலகையைப் படித்தார்.

"பத்து நிமிஷம்தானா? அப்ப எதுக்குப் பறக்கணும்? ரெண்டு நாள் இருந்துட்டுப் போவோம், வண்டிய நிறுத்துங்க."

கேட்டுக்கொண்டிருந்த ஆணையர் கெடுவை ஆறு மாதம் நீட்டினார். நேரம் போய்விடுமோ என்று பயந்தவர்களெல்லாம் பலகையைப் பார்த்தபின் காலை நீட்டி உட்காரத் தொடங்கினார்கள். அந்த ஆறு மாதம் முடிந்ததை ஆணையரும் கவனிக்கவில்லை, நாங்களும் நினைவூட்டவில்லை.

நம் அலுவலக அறையும் எங்கள் பிழைப்பும் தங்கள் நேர்மையால் நிலைத்தவை. இனி தாங்கள் பயணி. செல்லும் ஊரெல்லாம் நிழலும் நல்ல தண்ணீரும் சுத்தமான கழிப்பறையும் தங்களை எதிர்கொள்ளட்டும். நோயின்றி, மூட்டுவலியின்றி, துணைவியாரோடு பல்லாண்டு வாழ்க. இங்கே வரும் நாளில் எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்று மட்டும் கேட்க மாட்டோம்.

நீங்கா அன்புடன்,
பயணியர் பிரிவு ஊழியர்கள்