காய்ச்சாத பால்

— ஐயையோ, ராசம்மாக்கா! மாப்பிள்ளையோட அம்மா நீங்க, குசினிக்குள்ள வரலாமா? முன்னுக்குப் போய் உக்காருங்க. இந்தா, ஒரு நிமிசத்துல கோப்பி வந்துரும்.

— ஒரு நிமிசம் ஒரு நிமிசம்னு சொல்லியே அரை மணித்தியாலம் ஆச்சுங்க கமலாட்சி. பொண்ணப் பாத்தாச்சு, வடையும் தின்னாச்சு. உள்ளுக்குள்ள பூனை வால மிதிச்ச மாதிரி சத்தம் வருது. என் மகன் பயந்து எந்திருச்சே நின்னுட்டான்.

— அது பூனை இல்லீங்கக்கா, மெஷின். பால நொரைக்கிற குழாய் அப்பிடித்தான் கத்தும்.

— அப்பிடிக் கத்தக் கூடாதுங்க.

— என்னங்க?

— ஒண்ணுமில்ல. இதுதானா தரகர் பொன்னையா சொன்ன மெஷின்? லெபனான்லருந்து கொண்டாந்தது?

— இதேதாங்க. போன வருசம் அங்க சண்டை தொடங்குறதுக்கு முந்தி வந்தேனே, அப்பக் கொண்டாந்தது. பழைய காலத்து மெஷின். இந்தக் கைப்பிடிய இழுத்து வுட்டா கோப்பி எறங்கும், பக்கத்துக் குழாய்ல ஆவி வரும். உடுப்பெல்லாம் சுத்தி, எயார்போட்ல கெஞ்சிக் கூத்தாடித் தூக்கிட்டு வந்தேன். ரத்தோட்டையில வேற எந்த வீட்டுலயும் இது கெடையாது, சத்தியமா.

— அதப் பாத்துட்டு வரத்தான் என்னய அனுப்பினாங்க. முன்னுக்கு உக்காந்திருக்காரே பெரிய மீசைக்காரர், எங்க வீட்டுக்காரரோட அண்ணன். வீட்டுக்காரர் போனப்பறம் எங்க வீட்டுல அவரு வச்சதுதான் சட்டம். வீட்டு வேலைக்கு வெளிநாடு போன பொம்பள வீட்டுல சம்பந்தம் வைக்க மாட்டோம்னு மாத்தளையில பஸ் ஏறும்போதே சொல்லிட்டாரு. வழியில செக்பொயின்ட்ல எறக்கி ஆமிக்காரன் ஐசி அட்டை பாக்குறான், இவரு லைன்ல நின்னுக்கிட்டும் அதையேதான் பேசுறாரு.

— நான் வீட்டு வேலைக்குப் போகலீங்க. பெய்ரூட்ல கோப்பிக் கடையில வேல. பொன்னையா சொல்லலீங்களா?

— சொன்னாரு, சொன்னாரு. அப்ப போடுங்க, நானும் பாக்குறேன்.

— ஐயோ அக்கா, நீங்க பாத்துக்கிட்டு நின்னா எனக்குக் கை ஓடாதுங்க.

— கடையில சனம் பாத்துக்கிட்டுத்தானே நின்னிருக்கும்?

— அது... சரிங்க. இந்தா போடுறேன். சத்தத்துக்குப் பயந்துராதீங்க.

— காது கிழியுதுங்க!

— முடிஞ்சது, முடிஞ்சது. பாத்தீங்களா, நொரை வந்துருச்சு!

— இது நொரையாங்க? சவுக்காரத் தண்ணி மாதிரி பெருசு பெருசா முட்டை விடுது. அந்தா, அதுவும் அடங்கிருச்சு. கீழ வெறும் சுடுபால். என்ன பால் இது?

— பசும்பால்தாங்க. காலையிலேயே நல்லாப் பொங்கக் காய்ச்சி, சீனி போட்டு, ஏலக்காயும் தட்டிப் போட்டேன். இப்பத்தான் திரும்பச் சூடாக்கினேன்.

— காய்ச்சிட்டீங்களா!

— பின்ன? பொண்ணு பாக்க வந்தவங்களுக்குப் பச்சப் பால்லயா கோப்பி ஊத்துவாங்க? பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க?

— இங்க பாருங்க. ஏற்கனவே கொதிக்கிற பால் இந்த ஆவிய வாங்குறதுக்கு நேரம் ஏது? குழாய வச்ச மறு நிமிசம் திரும்பப் பொங்கி வழியும். குளுந்த பாலா இருந்தா மெல்ல மெல்லச் சூடேறும், நொரையும் மெதுமெதுன்னு நிக்கும். காய்ச்சாத பால் மிச்சம் இருக்கா?

— அரைப் போத்தல் இருக்குங்க. கெட்டுறக் கூடாதுன்னு தண்ணிப் பானைக்குள்ள எறக்கி வச்சிருக்கேன்.

— அதுதான் வேணும். எடுங்க. சாடியில பாதிக்கு மேல ஊத்தாதீங்க. நொரை ஏறுறதுக்கு எடம் வேணுமே.

— அக்கா, நீங்க ஜோர்தான்ல தையல் பெக்டரியில சூப்பவைசர்னுதானே பொன்னையா சொன்னாரு? இதெல்லாம் எப்பிடித் தெரியும்?

— மனேஜர் ரூம்ல ஒண்ணு இருந்துச்சு. போகையில வரையில பாத்ததுதான். பேச்ச வுடுங்க, குழாயக் காட்டுங்க. அட கடவுளே! நாலு ஓட்டையில மூணு அடைச்சுக் கெடக்கே. பால் கருகி உள்ளுக்கே இறுகிப் போச்சு. ஒரே ஓட்டையால ஆவி வந்தா கத்தாம என்ன செய்யும்? ஒரு ஊசி குடுங்க.

— வெளியில நல்லாத்தான் தொடச்சேங்க, சத்தியமா. அவங்க நொரைச்சு முடிச்சதும் ஈரத் துணியால தொடைக்கிறது எப்பவும் நான்தான். அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்.

— எவங்க நொரைச்சு முடிச்சதும்?

— இந்தாங்க, ஊசி.

— கமலாட்சி, கடைக்குப் பேரு என்னங்க?

— பேரு... அரபியில இருந்துச்சுங்க. வாயில வரல.

— எட்டு வருசம் வேல செஞ்ச கடை, பேரு வாயில வரலியா?

— கமலாட்சி! இந்தா கமலாட்சி! பெரியவரு கேக்குறாரு, கோப்பி வருமா, இல்ல அஞ்சு மணி பஸ்ஸுக்கு எந்திரிக்கவான்னு!

— இந்தா கொண்டாறேங்க! எங்க வீட்டுக்காரருக்கு மாடசாமின்னு பேரு வச்சாலும் வச்சாங்க, கூப்பிட்டா அடுத்த தோட்டத்துக்கே கேக்கும். அக்கா, அந்த வாசலக் கொஞ்சம் சாத்துங்க.

— சாத்திட்டேன்.

— நான் எந்தக் கடையிலயும் வேல செய்யலீங்க.

— ம்.

— வீட்டு வேலதான். எட்டு வருசமும். கக்கூஸ் கழுவுனேன், மூணு புள்ளைங்களக் குளிப்பாட்டுனேன், கெழவருக்குப் பீ மூத்திரம் அள்ளினேன். அதெல்லாம் இந்தக் கையால செய்யலாம். கோப்பி மட்டும் போடக் கூடாது. ஒரு நாள் விருந்தாளிங்க வந்திருந்தாங்க, மெடத்துக்குக் கை ஒத்தாசையா இருக்கட்டும்னு பால் சாடியத் தூக்கிட்டேன். எல்லார் முன்னுக்கும் பறிச்சு சிங்குக்குள்ள ஊத்திட்டா. ஒன் கை வாடை ஏறிருச்சு, இனி யாரு குடிப்பான்னு கேட்டா. எனக்கு அன்னைக்கு உசிரே போயிருச்சுங்க.

— கடைன்னு சொன்னது பொன்னையாவா?

— எம் மக தர்சினி, நீங்க இப்பப் பாத்தீங்களே, அவதான். மெடம் இல்லாத நேரம் பாத்து, இந்த மெஷினுக்குப் பக்கத்துல கப்பக் கையில புடிச்சிக்கிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். புள்ள அதத் தூக்கிக்கிட்டு, எங்கம்மா கோப்பிக் கடையில இருக்காங்கன்னு பள்ளிக்கூடம் பூரா காட்டியிருக்கா. போன்ல சொல்லும்போது அவ கொரல்ல அவ்வளவு சந்தோசம். நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அப்பிடியே வளந்துருச்சு.

— மெஷின் எப்பிடி ஒங்களுக்கு?

— புதுசு வாங்கினதும் இதக் குப்பையில போடச் சொன்னா. வெக்கத்தோட வெக்கமா சொல்றேன், குப்பையிலருந்துதான் எடுத்தேன். அந்தப் போட்டோவ உண்மையாக்கலாம்னு ஒரு கிறுக்குப் புத்தி. வந்து ஒரு வருசம், யாரும் இல்லாத நேரமாப் பழகிப் பழகிப் பாக்குறேன், பால் மட்டும் சரியா வரவே மாட்டேங்குது.

— காய்ச்சினா எப்பிடி வரும்.

— அக்கா, ஒங்க காலப் புடிச்சுக் கேக்குறேன். பெரியவர்ட்ட ஜாதகம் பொருந்தலன்னு சொல்லிருங்க. என் மூஞ்சி புடிக்கலன்னாலும் சொல்லுங்க. டீச்சரா இருக்கிற ஒங்க மகனுக்கு ஆயிரம் பொண்ணு கெடைக்கும். இது மட்டும் தர்சினி காதுக்குப் போக வேணாம். அவ என்னய ஒரு மாதிரி நெனச்சு வச்சிருக்கா. அது ஒடஞ்சிட்டா நான் அந்தப் புள்ள மொகத்துல எப்பிடி முழிப்பேன்?

— எந்திரிங்க. முதல்ல எந்திரிங்கன்னு சொல்றேன். கண்ணத் தொடைங்க. இப்ப நாலு ஓட்டையும் தெறந்துருச்சு, சாடியப் புடிங்க.

— நீங்களே போட்டுருங்கக்கா. என் கைக்கு இது வராதுங்க.

— வரும். நீங்கதான் போடணும். முதல்ல குழாயக் கொஞ்சம் தெறந்து, உள்ளுக்கு நிக்கிற தண்ணியத் துணியில வுடுங்க. பாத்தீங்களா எவ்வளவு தண்ணி? அதத்தான் இம்புட்டு நாளும் பால்ல கலந்திருக்கீங்க. ஆ, இப்பக் காஞ்ச ஆவி வருது. மூடுங்க. குழாய் மூக்க பாலுக்குள்ள வைங்க. அவ்வளவு ஆழம் வேணாம். மேல, இன்னும் மேல, பாலோட மொகத்துல பட்டும் படாம. நடுவுல வேணாம், ஒரு ஓரமா. இப்ப நல்லாத் தெறங்க.

— கத்தல!

— கத்தாது. சீலையக் கிழிக்கிற மாதிரி ஸ்ஸ்ஸுன்னு மெல்லமா வரணும். பால் சுத்துதா?

— சுத்துதுங்க. ஐயோ, ஏறுதுக்கா!

— ஏறட்டும். போதும், இப்பக் குழாய உள்ளுக்கு எறக்குங்க. காத்து வாங்கினது போதும், இனி சூடுதான். இன்னொரு கைய சாடி மேல வைங்க. எப்ப சுடுதுன்னு கைய எடுக்கத் தோணுதோ, அப்ப மூடிறணும்.

— சுடுது!

— மூடுங்க. சாடிய மேசையில ரெண்டு தட்டுத் தட்டி, ஒரு சுத்து சுத்துங்க. என்ன தெரியுது?

— புதுச் சுண்ணாம்பு மாதிரி மினுங்குதுங்க. ஒரு முட்டை இல்ல. அக்கா, எட்டு வருசமா தூர நின்னு பாத்தேனே, அதே நொரைங்க!

— இந்தக் கப்புல ஊத்துங்க. முதல் கப் எனக்கு.

— ஏலக்காய் இல்ல, சீனியும் போடல.

— குடுங்கன்னா. ம். நல்லா இருக்கு கமலாட்சி. ஒங்க கை நல்ல கை.

— அப்பிடிச் சொல்லாதீங்க, திரும்ப அழுதுருவேன். பெரியவர்ட்ட என்ன சொல்லப் போறீங்க?

— கோப்பிக்காரிக்குக் கோப்பி நல்லா வருதுன்னு சொல்லுவேன். கல்யாணத்துக்கு நாள் பாக்கச் சொல்லுவேன்.

— ஐயோ, வேணாங்க. எனக்காக நீங்க ஏன் பொய் சொல்லணும்? தெரிஞ்சே பொய் சொல்லிப் பொண்ணு எடுத்தீங்கன்னு நாளைக்கு ஒங்க மகன் கேட்டா, எந்த மொகத்தோட பதில் சொல்லுவீங்க?

— இந்த மொகத்தோடதான். ஜோர்தான்ல நான் ஒரு சட்டைக்குப் பொத்தான் கூட தச்சதில்லங்க. ஆறு வருசமும் பால்கனியில, துணி காயப் போடுற கம்பிக்குக் கீழதான் என்னயப் படுக்க வச்சாங்க. நீங்க எங்க படுத்தீங்க, சம்பந்தி?